14. பதினெட்டுக் குதிரையும் பாலத்து மேடும்

மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே வாடகைக் குதிரை வண்டியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போனால் எப்படி இருக்கும்? 1911-ம் வருஷம் பங்குனி அமாவாசையன்று காலை ஆறு மணிக்கு, கல்கத்தாவில் பவானிபூரிலிருந்து ஜகந்நாத் காட் என்கிற கங்கைப் படித்துறைக்குப் போன வண்டிக்குள் அப்படித்தான் இருந்தது.

சந்தானம் இடது ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். பட்டாபிராமன் வலது ஜன்னல் வழியாக சௌரங்கிக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவரவர் மனைவி அவரவர் பக்கத்தில் இருந்தார்கள். நடுவில் மடித்துணி மூட்டையும் பித்தளைச் சொம்பும் குலுங்கின.

"ராஜி, எள்ளு எடுத்துண்டாச்சான்னு கேளு" என்றார் சந்தானம், மைதானத்தைப் பார்த்தபடி.

"மன்னி, எடுத்துண்டாச்சுன்னு சொல்லுங்கோ" என்றான் பட்டாபி, கடைகளைப் பார்த்தபடி.

ராஜலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு முழம் இடம் இல்லை. நான் என்ன தபாலாபீஸா? அம்மா ஒருத்திதானே ரெண்டு பேரையும் பெத்தா?"

அண்ணனும் தம்பியும் அவரவர் ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டார்கள். பட்டாபியின் மனைவி விஜயலக்ஷ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

சண்டைக்குக் காரணம் சொத்தும் இல்லை, சொந்தமும் இல்லை. குதிரை.

சந்தானம் பதினோரு வருஷமாக மார்ஷ்வுட் மோட்டார் கம்பெனியில் இருக்கிறார். இப்போது தலைமை குமாஸ்தா. பத்திரிகைக்குப் போகிற கம்பெனி விளம்பரமெல்லாம் அவர் கையெழுத்தில்தான் முதலில் பிறக்கும். தம்பி பட்டாபிராமன் இரண்டு வருஷமாக எதிர்க் கம்பெனியில், கார்ஃபோர்டு துரையிடம், கேட்டலாக் தயாரிக்கிற உத்தியோகத்தில் இருக்கிறான்.

அந்த வருஷம் கல்கத்தாவில் மோட்டார் விற்கிற கடைகளுக்கெல்லாம் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஒருவன் தன் வண்டிக்கு முப்பது குதிரைச் சக்தி என்று விளம்பரம் போட்டால், அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்காரன் நாற்பது என்பான். மூன்றாமவன் ஐம்பது. கடைசியாக மார்ஷ்வுட் கம்பெனியின் 'பார்மவுன்ட்' வண்டி அறுபது குதிரை என்று அரைப் பக்கத்துக்கு விளம்பரம் வந்தது. எழுதியவர் சந்தானம்.

அதே வாரம் வெளிவந்த பட்டாபியின் கேட்டலாக்கில், 'லின்டன்' வண்டிக்கு நேரே 'பதினெட்டு' என்று இருந்தது. வண்டியை உண்டாக்கியவர்கள் சொல்லி அனுப்பிய கணக்கு அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் பட்டாபி கீழே ஒரு வரியும் சேர்த்துவிட்டான். "வாங்குகிறவர்கள் குதிரைகளை எண்ணுவதோடு, அந்தக் குதிரைகள் எப்போது வேலை செய்யும் என்பதையும் கேட்டு அறியவும்."

மார்ஷ்வுட் துரை அந்தக் கேட்டலாக்கைச் சந்தானத்தின் மேஜை மீது விசிறி அடித்தார். "உன் தம்பி என்னைப் பொய்யன் என்கிறானா?"

அன்று சாயங்காலம் வீட்டில் சந்தானம் கூச்சலிட்டார். "என் சோத்துல மண்ணைப் போடறதுக்குன்னே மோட்டார் கம்பெனியில சேர்ந்தியா?" பட்டாபியும் சும்மா இருக்கவில்லை. "இருக்கறதை இருக்கறபடி எழுதினேன். நீங்க எழுதினதுக்கு நான் என்ன பண்றது?" அதோடு பேச்சு நின்றது.

பட்டாபிக்கு ஆபீஸிலும் நிம்மதியில்லை. கேட்டலாக் வந்தபிறகு ஒரு லின்டன்கூட விற்கவில்லை. பதினெட்டைப் படித்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். கார்ஃபோர்டு துரை நேராகவே சொல்லிவிட்டார்: "ராய்பாபு நம்மிடம் வாங்கினால் உன் பதினெட்டும் இருக்கட்டும், நீயும் இரு. வாங்காவிட்டால் கேட்டலாக்கை மாற்றி அடிப்பேன். அடிக்க வேறு ஆளை வைத்துக்கொள்வேன்."

ராய்பாபு பெரிய ஜமீன்தார். வைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரையில், அவர் பெண்ணுக்குக் கல்யாணம். ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்குகிற மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வர இரண்டு மோட்டார் வேண்டும். எது பலமான வண்டி என்று கண்ணால் பார்த்துத்தான் வாங்குவேன் என்று இரண்டு கம்பெனிக்கும் சொல்லி அனுப்பினார்.

ராய்பாபு வீட்டில் எல்லாரும் கூடிப் பேசியபோது, ரெட் ரோட்டில் ஓட்டிக் காட்டலாம் என்றார் மார்ஷ்வுட். சமதரையாக, நேராக, அகலமாக இருக்கிற சாலை. பட்டாபி குறுக்கே விழுந்தான். "உங்கள் சம்பந்திகள் ரெட் ரோட்டிலா ரயிலை விட்டு இறங்கப் போகிறார்கள், ராய்பாபு? ஸ்டேஷனிலிருந்து ஹவுரா பாலம் தாண்டி ஓட்டிப் பார்க்கலாமே."

ராய்பாபு தொந்தி குலுங்கச் சிரித்தார். "டீக், டீக்! மத்ராஜி பாபு சொல்வது நியாயம். என்றைக்கு?"

பட்டாபி யோசிக்கவே இல்லை. "வருகிற அமாவாசை. காலை பத்து மணி."

நமக்கு அமாவாசை நிறைந்த நாள். கடை திறக்கலாம், கிணறு வெட்டலாம், எதையும் தொடங்கலாம். வங்காளிகளுக்கு அப்படி இல்லை. அது காளியின் நாள். நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். ராய்பாபுவின் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. பிறகு, "பார்ப்பதுதானே, வாங்குவது மறுநாள்" என்று சமாதானம் பண்ணிக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

நாள் பார்த்துச் சொன்ன பட்டாபி, ஒரு சங்கதியைச் சுத்தமாக மறந்துபோனான். அமாவாசையன்று கங்கை என்ன செய்யும் என்பதுதான் அது.

படித்துறையில் வைத்தீஸ்வர சாஸ்திரிகள் தர்ப்பையோடு காத்திருந்தார். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தர்ப்பணம் பண்ணினார்கள். அப்பா பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் இரண்டு குரலும் சேர்ந்தாற்போல் வந்தன. சந்தானத்துக்குத் திரும்பித் தம்பியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை.

ஸ்நானம் பண்ணிவிட்டு மேலே வந்த விஜயலக்ஷ்மி, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏன்னா, போன மாசம் அஷ்டமியன்னிக்கு வந்தப்போ பத்துப் படிதான் இறங்கினேன். இன்னிக்கு இருபத்திரண்டு படி. இன்னமும் தண்ணி இறங்கிண்டேதான் இருக்கு. அங்க பாருங்கோ, பாலம் எப்படித் தொங்கறதுன்னு."

பட்டாபி பார்த்தான். கையிலிருந்த சொம்பைப் படியில் வைத்துவிட்டான்.

அந்தக் காலத்து ஹவுரா பாலம் படகுகளின் மேல் மிதந்துகொண்டிருந்தது. கங்கையில் நீர் ஏறினால் பாலமும் ஏறும், இறங்கினால் இறங்கும். கரையோடு சேர்ந்த இரண்டு முனைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகையால் நீர் வடிந்த நேரத்தில் ஹவுராவிலிருந்து வருகிறவன் முதலில் பள்ளத்தில் இறங்கி, கல்கத்தா கரையில் செங்குத்தாக மேடு ஏறியாக வேண்டும். மலையே இல்லாத ஊரில் இது ஒன்றுதான் மலை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அது மிகவும் உயரம்.

"பத்து மணிக்கு அடிமட்டத்துக்குப் போயிடும் ஓய்" என்றார் சாஸ்திரிகள், கேட்காமலே. "அந்த மேட்டில மாட்டு வண்டிக்காரன் படற பாட்டை இன்னிக்குப் பார்க்கணும்."

சந்தானம் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு தெரிந்தது. "ராஜி, மேடு ஏறணும்னா குதிரை வேணும். கேட்டலாக்ல உபதேசம் எழுதினா போறாது. கேட்கறவா கேட்டுக்கட்டும்."

அவர் படியேறிப் போனதும் பட்டாபி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நானே என் கையால நாளைக் குறிச்சேனே, விஜி. அமாவாசை, அமாவாசைன்னு நல்ல நாள் பார்த்தேன். துரை என்னை உயிரோட விடமாட்டார்."

விஜயலக்ஷ்மி ஈரக் கூந்தலை முடிந்துகொண்டே கேட்டாள். "அந்த அறுபது குதிரை வண்டி எத்தனை கனம்?"

"நம்ம வண்டி ஒரு டன். அது ரெண்டரை டன். சோபாவும் வெள்ளிப் பிடியுமா கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்."

"அது மேட்டில வேகமா ஏறுமா?"

"தூரத்திலேர்ந்து ஓடி வந்தா ஏறும். அந்த அறுபது, என்ஜின் முழு வேகத்தில கத்தறபோதுதான்…"

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். அவன் பார்வை பாலத்துக்குப் போயிற்று. சணல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் அந்த மேட்டில் ஒன்றின் பின் ஒன்றாக, நின்று நின்று, ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஓடி வர எங்க இடம் இருக்கு?" என்றான் பட்டாபி மெல்ல. "மாடு நடக்கற வேகம்தான் இன்னிக்கு எல்லாருக்கும். அந்த வேகத்தில அறுபதில எத்தனை குதிரை முழிச்சிண்டிருக்கும்?"

"நம்ம பதினெட்டில?"

"இப்போ இருக்கறபடி பார்த்தா நம்மளதும் பாதி தூங்கும். ஆனா எழுப்ப ஒரு வழி இருக்கு." எழுந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டான். "மணி என்ன?"

"ஏழரை இருக்கும். இங்க நின்னு என்னைக் கேட்டுண்டிருக்கேளே, போங்கோ!"

ஓடினான்.

கார்ஃபோர்டு கம்பெனியின் பட்டறையில் நிபாரண் மிஸ்திரி லின்டனுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் வண்டியை ஓட்டப் போகிறவன். விஷயத்தைக் கேட்டதும் மெருகுத் துணியை வீசி எறிந்தான்.

"சின்னப் பல்சக்கரமா, பாபு? அதைப் போட்டால் வண்டி நத்தை ஆகிவிடுமே!"

"ஆகட்டும். மாட்டு."

லின்டன் சங்கிலி வண்டி. என்ஜின் பக்கம் ஒரு பல்சக்கரம் சுற்றும். சைக்கிளில் இருப்பதுபோல் ஒரு சங்கிலி அதிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும். என்ஜின் பக்கத்துப் பல்சக்கரம் சின்னதாக இருந்தால், பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் என்ஜின் கூடுதலாக நாலு சுற்றுச் சுற்றிவிடும். வேகம் குறையும், இழுப்பு கூடும். வண்டி ஊர்ந்தாலும் என்ஜின் முழு மூச்சோடு ஓடும். பதினெட்டுக் குதிரையும் விழித்திருக்கும்.

வண்டியோடு வந்த பெட்டியில் அந்தச் சின்னச் சக்கரம் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இருந்தது. இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். பட்டாபியின் மடி வேட்டி போன போக்கைப் பார்த்திருந்தால் வைத்தீஸ்வர சாஸ்திரிகள் மூர்ச்சை போட்டிருப்பார்.

எட்டரைக்குக் கார்ஃபோர்டு துரை வந்தார். வண்டிக்கு அடியிலிருந்து நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டில் திருநீறு பூசிய அடையாளம்.

"என்ன நடக்கிறது இங்கே?"

பட்டாபி ஊர்ந்து வெளியே வந்து விஷயத்தைச் சொன்னான். நாளைக் குறித்தது தன் தப்பு என்பதையும் மறைக்கவில்லை. துரையின் கழுத்துச் சிவந்துகொண்டே வந்தது.

"செங்குத்தான மேட்டை நீயே தேடிப் பிடித்தாய். அது போதாதென்று, இருக்கிற வேகத்தையும் குறைத்துவிட்டாயா? அவன் வண்டி மணிக்கு ஐம்பது மைல் போகும்!"

"போகும் சார். வழி விட்டால்."

"நம்முடையது?"

"மெதுவாகத்தான் போகும். ஆனால் நிற்காது."

துரை தடியால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். "உன் வேலை, உன் தலை. மறந்துவிடாதே."

"மறக்கவில்லை சார்" என்றான் பட்டாபி. "இந்த நாலு பித்தளை விளக்கையும் கழற்றிவிட உத்தரவு வேண்டும். பகலில் அவை வெறும் சுமை."

பத்து மணி. ஹவுரா ஸ்டேஷன் வாசல்.

பார்மவுன்ட் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே! அரக்குச் சிவப்பு உடம்பு, வெள்ளிப் பிடிகள், இடுப்பு உயரச் சக்கரங்கள். சுற்றி ஒரே கூட்டம். பக்கத்தில் விளக்கில்லாத, கூரையில்லாத நம் லின்டன். கூலிகள் அதைத் தாண்டிப் போய்த்தான் பெரிய வண்டியைப் பார்த்தார்கள்.

ராய்பாபு ஏற்பாட்டோடு வந்திருந்தார். அவர் வீட்டு மருமான்கள், மைத்துனன்மார், கணக்குப்பிள்ளைகள் என்று வண்டிக்கு எட்டுப் பேர். நாலு தகரப் பெட்டி வேறு. சம்பந்தி வீட்டார் அப்படித்தானே வருவார்கள்? எட்டு பேரில் ஒருவரும் இளைத்தவர் இல்லை.

ராய்பாபு பார்மவுன்டில் மார்ஷ்வுட் துரைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். லின்டனில் நிபாரணுக்குப் பக்கத்தில் பட்டாபி உட்கார்ந்தான். சந்தானமும் கார்ஃபோர்டு துரையும் கல்கத்தா பக்கம், மேட்டின் உச்சியில், ஆளுக்கொரு ஓரமாக நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, படித்துறையிலிருந்து திரும்பிய குதிரை வண்டிக்குள் ராஜலக்ஷ்மியும் விஜயலக்ஷ்மியும் ஜன்னல் பலகையை ஒரு சாண் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பார்மவுன்ட் உறுமிக்கொண்டு கிளம்பியது. பள்ளத்தில் அம்பாகப் பாய்ந்தது. பாலத்தின் நடுவரைக்கும் அதன் தூசியைத்தான் லின்டன்காரர்கள் சாப்பிட்டார்கள்.

"போச்சு" என்றான் நிபாரண்.

"இரு" என்றான் பட்டாபி.

கல்கத்தா மேடு வந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு மாட்டு வண்டிகள். அத்தனையும் சணல் பாரம். பார்மவுன்ட் வந்த வேகத்தில் மேட்டில் முக்கால் பாகம் ஏறியிருக்கும். அதற்குள் முன்னால் ஒரு மாடு கால் வழுக்கி மண்டி போட்டது. சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள் கையைத் தூக்கினான். வண்டி நின்றது, நடு மேட்டில்.

மாடு எழுந்தது. வழி விட்டது. பார்மவுன்டின் டிரைவர் என்ஜினைக் கத்த விட்டான். ஊரே அதிர்ந்தது. சக்கரம் மட்டும் அசையவில்லை. என்ஜினையும் சக்கரத்தையும் இணைக்கிற தோல் பட்டை வழுக்க ஆரம்பித்தது. அடியிலிருந்து புகை வந்தது. தோல் தீய்கிற நாற்றம் உச்சி வரைக்கும் அடித்தது. டிரைவர் பயந்துபோய் என்ஜினைத் தணித்தான். அது ஒரு தும்மல் தும்மி அணைந்தே போயிற்று. இரண்டரை டன்னும் எட்டு பேரும் நாலு பெட்டியும் மெள்ளப் பின்னால் நகரத் தொடங்கின.

"ஓ மா! மா காளி!" என்று மைத்துனன்மார் அலறினார்கள். கூலிகள் ஓடி வந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள்.

மறுபடி என்ஜினை முறுக்கிக் கிளப்பினார்கள், மறுபடி புகை. மூன்றாந்தரம் எட்டு பேரும் இறங்கிக் கூலிகளோடு சேர்ந்து தள்ளினார்கள். சம்பந்தி வீட்டார் தள்ளுவதை மனசில் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, ராய்பாபுவின் முகம் கறுத்தது.

அப்போதுதான் லின்டன் பள்ளத்தைத் தாண்டி வந்து, அவர்களுக்குப் பத்துக் கஜம் பின்னால், மாட்டு வண்டிக்குப் பின்னே, தானும் நடு மேட்டில் நின்றது.

ராய்பாபு இறங்கி வேட்டிக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே லின்டனிடம் வந்தார்.

"மத்ராஜி பாபு! நான் இதில் ஏறிக்கொள்கிறேன். இழுக்குமா?"

நிபாரண் திரும்பிப் பார்த்தான். ராய்பாபு ஒருவரே இரண்டு பேருக்குச் சமானம். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான்.

பட்டாபிக்கு வேலை, கேட்டலாக், பதினெட்டு, எல்லாம் இந்த ஒரு பதிலில் இருந்தது. எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். "உட்காருங்கள். நான் மிதிபலகையில் நின்றுகொள்கிறேன்."

"நிபாரண், விடு."

லின்டன் கத்தவில்லை. முனகியது. சங்கிலி இறுகியது. சக்கரம் அரை அங்குலம் நகர்ந்தது. பிறகு ஒரு அங்குலம். பிறகு நடந்தது. மாட்டு வண்டிக்குப் பக்கத்திலே, மாட்டின் வேகத்திலேயே, ஆனால் நிற்காமல், திணறாமல், ஒன்பது பேரையும் நாலு பெட்டியையும் மிதிபலகையில் ஒரு கேட்டலாக் குமாஸ்தாவையும் சுமந்துகொண்டு ஏறியது.

குதிரை வண்டி ஜன்னலில் ஒரு சாண் தூக்கியிருந்த பலகை படீரென்று முழுக்கத் திறந்தது. "ஏறுடா! ஏறு! பட்டாபி, ஏறு!" என்று ஒரு குரல். ராஜலக்ஷ்மிதான். எதிர்க் கம்பெனித் தலைமை குமாஸ்தாவின் தர்மபத்தினி! விஜயலக்ஷ்மி அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. 

பார்மவுன்டைத் தாண்டினார்கள். தள்ளிக்கொண்டிருந்த கூலிகள் தள்ளுவதை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். கான்ஸ்டபிள்கூடச் சிரித்தான். மேட்டின் உச்சியில் லின்டன் நாலு சக்கரமும் சமதரையில் வைத்து நின்றபோது, எழுந்த ஆரவாரத்தில் மாடுகள் மிரண்டன.

நிபாரண் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக் கும்பிட்டான். கார்ஃபோர்டு துரை தொப்பியை ஆகாசத்தில் எறிந்து பிடித்தார்.

"பட்டாபி! உன் வேலை உன்னுடையதுதான்! நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் உன்னுடையது!" துரைக்குத் தலைகால் புரியவில்லை. "இப்போதே ஆபீஸுக்குப் போ. நாளைப் பத்திரிகையில் வரவேண்டும். அறுபதை ஜெயித்த வண்டி! பதினெட்டு என்று போட்டால் யார் நம்புவார்கள்? அறுபத்தைந்து குதிரை என்று எழுது!"

பட்டாபி சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். ஜெயித்த பிற்பாடும் இதுதானா? வாயைத் திறந்தான். ஆனால் வேலையை இந்த நிமிஷம்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார் துரை.

"எழுதாதே."

தமிழில், பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். மூன்று வாரம் கழித்து அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

சந்தானம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வியர்த்து வழிந்தது. துரையைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். சத்தமாகவே பேசினார்.

"சார், அறுபத்தைந்து என்று நீங்கள் போட்டால், நாளன்றைக்கு எழுபது என்று என்னை எழுதச் சொல்வார்கள். நானும் எழுதுவேன். அதோ புகைகிறதே, அந்த என்ஜின் என் கையில் வந்தபோது முப்பத்தெட்டு. பக்கத்துக் கடைக்காரன் நாற்பத்தைந்து என்று போட்டான். நான் ஐம்பது என்று திருத்தினேன். அவன் ஐம்பத்தைந்து என்றான். அறுபது என்று திருத்தினேன். என்ஜினில் ஒரு திருகாணி மாறவில்லை. என் பேனாவில்தான் அத்தனை குதிரையும் பிறந்தது." தம்பியின் பக்கம் கையைக் காட்டினார். "பதினோரு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். என் தம்பி கையால் அதைச் செய்யச் சொல்லாதீர்கள்."

 லின்டனை விட்டு இறங்கிக்கொண்டிருந்த ராய்பாபு பாதிப் படியில் நின்றார்.

"சாகேப்" என்றார் அவர் கார்ஃபோர்டைப் பார்த்து. "இந்த வண்டி பதினெட்டு என்றுதான் என்னிடம் சொன்னார்கள். பதினெட்டு ஒன்பது பேரை இழுத்தது. என்னையும் சேர்த்து! அதனால்தான் இரண்டு வண்டி வாங்கப்போகிறேன். நாளைக்குப் பத்திரிகையில் அறுபத்தைந்து என்று பார்த்தால், ஒன்றுகூட வாங்கமாட்டேன். இன்றைக்கு அமாவாசை. வாக்கு மட்டும் கொடுக்கிறேன்."

கார்ஃபோர்டு துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். எடுத்தார். மறுபடி வைத்துக்கொண்டார். "பதினெட்டு" என்றார் கடைசியில். "சரி. பதினெட்டு. கொட்டை எழுத்தில்."

பட்டாபிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அண்ணாவின் கையைப் பிடிக்கப் போனான். சந்தானத்தின் பார்வை அவன் தோளுக்கு மேலே எங்கோ நிலைத்திருந்தது.

மேட்டை நடந்தே ஏறி வந்த மார்ஷ்வுட் துரை, சட்டைக் காலர் நனைய, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ? எவ்வளவு கேட்டாரோ? முகத்தைப் பார்த்தால் முழுக்கக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"நாளைக் காலை பத்து மணிக்கு, சந்தானம்" என்றார் தாழ்ந்த குரலில். "என் அறைக்கு. விளம்பரக் கோப்புகள் அத்தனையும் எடுத்துக்கொண்டு."

"எஸ், சார்" என்றார் சந்தானம்.

துரை திரும்பி, புகைகிற வண்டியை நோக்கி இறங்கிப் போனார். காலையில் சந்தானம் வைத்த குடையும் டிபன் டப்பாவும் பார்மவுன்டின் பின் ஸீட்டில் இருந்தன. சந்தானம் அவற்றை எடுக்கப் போகவில்லை.

"அண்ணா, என்ன காரியம் பண்ணிட்டேள்! நாளைக்கு என்ன சொல்லப்போறேள்?"

"நாளைக்குன்னா நாளைக்குப் பார்த்துக்கறேன். விடு." சந்தானம் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பியின் வேட்டியில் முழங்கால் வரைக்கும் அப்பியிருந்த மசகை மேலும் கீழும் பார்த்தார். பிறகு லின்டனைப் பார்த்தார். உள்ளே எள் விழ இடமில்லை. ராய்பாபு மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டு, பவானிபூரில் தன் வீடு வரைக்கும் இதிலேயே போகலாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா பட்டாபி" என்றார் சந்தானம். "அந்த மிதிபலகை இன்னொருத்தனைத் தாங்குமா?"